முன்பணம் கட்டும் முன்: கொல்லிமலைத் தம்பி தங்கைகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பிகளே, தங்கைகளே,

வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்து, எதை எடுப்பது எதை விடுவது என்று புரியாமல் ஆஃபர் லெட்டரைத் திரும்பத் திரும்பத் திறந்து பார்த்துக்கொண்டிருக்கும் உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். செம்மேடு, சோளக்காடு, வாழவந்திநாடு, அரியூர்நாடு என்று உங்களில் சிலரை எனக்கு நேரில் தெரியும். சான்றிதழ் நகல் எடுக்க உங்களோடு அலைந்திருக்கிறேன். விண்ணப்பக் கட்டுரைகளைத் திருத்திக் கொடுத்திருக்கிறேன். தெரியாதவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன்: யார் எவ்வளவு அவசரப்படுத்தினாலும் இந்த வாரம் முன்பணம் கட்டிவிடாதீர்கள். முதலில் இதைப் படியுங்கள். அப்பா அம்மாவுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

இப்படிப் பதறி எழுதக் காரணம் இருக்கிறது. நம் மலையில் ஒரு வீட்டுப் பெண்ணுக்கு இங்கிலாந்தில் இடம் கிடைத்தது. கீழே நகரத்தில் உள்ள ஒரு கன்சல்டன்சியிலிருந்து தினமும் போன். வெள்ளிக்கிழமைக்குள் டெபாசிட் கட்டாவிட்டால் சீட் போய்விடும் என்றார்கள். அவளுடைய அப்பா தோட்டத்துச் சில்வர் ஓக் மரங்களை வியாபாரிக்கு விலை பேசிவிட்டார். நான் போய்ப் பார்த்தபோது மரங்கள் சாய்ந்து கிடந்தன. பட்டையைப் பிடித்தபடியே மிளகுக் கொடிகள், சரம் சரமாகப் பச்சை மிளகோடு வெயிலில் வதங்கிக்கொண்டிருந்தன. மரத்துக்கு ஒரு தடவைதான் காசு. கொடிக்கு வருஷா வருஷம் காசு. புதுக் கொடி வைத்தால் காய்ப்புக்கு வர மூன்று நான்கு வருஷம் ஆகும் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. மரம் போனதைவிட எனக்கு ஆறாமல் இருப்பது இன்னொன்று. அதே பெண்ணுக்கு ஜெர்மனியிலிருந்தும் ஒரு கடிதம் வந்திருந்தது. அங்கே அந்தப் படிப்புக்குக் கல்விக் கட்டணமே கிடையாது. "அதெல்லாம் உனக்குச் சரிப்படாது" என்று ஒரே வார்த்தையில் அதை ஒதுக்கிவிட்டார்கள்.

ஏன் ஒதுக்கினார்கள் என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். கன்சல்டன்சி உங்களிடம் பணம் வாங்காமல் "இலவச சேவை" செய்வதாகச் சொல்லும். மாணவரைச் சேர்த்துவிட்டதற்குப் பல்கலைக்கழகம் அவர்களுக்குக் கமிஷன் தருகிறது. பெரும்பாலும் அது உங்கள் முதல் வருடக் கட்டணத்தில் இத்தனை சதவீதம் என்ற கணக்குதான். கட்டணம் கூடினால் கமிஷன் கூடும். கட்டணமே வாங்காத ஜெர்மன் அரசுப் பல்கலைக்கழகத்தில் நீங்கள் சேர்ந்தால் அவர்களுக்கு அந்த வழியில் ஒன்றும் வராது. கட்டணத்தைத் தள்ளுபடி செய்து, மாதச் சம்பளமும் கொடுத்து அமெரிக்காவில் பிஎச்.டி.க்கு எடுக்கும் துறையிலும் அப்படித்தான். ஆகவே உங்கள் குடும்பத்துக்கு எது மலிவோ, அது அவர்கள் வாயிலிருந்து வருவது அரிது. அவர்களில் நேர்மையானவர்களும் இருக்கிறார்கள். இருந்தாலும் உங்கள் முடிவை அவர்கள் கையில் கொடுக்காதீர்கள்.

அப்படியானால் எதை வைத்து முடிவெடுப்பது? உங்களில் பலர் தரவரிசைப் பட்டியலைக் காட்டுகிறீர்கள். ஒன்று 90ஆவது இடம், இன்னொன்று 240ஆவது இடம், அதனால் முதலாவதுதான் என்கிறீர்கள். நான் ஒரே கேள்விதான் கேட்பேன். படிப்பு முடியும் கடைசி மாதத்துக்கான வாடகையும் சாப்பாடும் யார் கொடுக்கிறார்கள்? இதற்கு எழுத்தில் பதில் உள்ள கடிதத்தை எடுத்து மேலே வையுங்கள். பதில் இல்லாத கடிதம் எந்தப் பெரிய பெயரில் வந்திருந்தாலும் கீழே வையுங்கள்.

அம்பேத்கரின் படம் நம் ஊர்களில் இருக்கிறது. அவர் படித்த கதையில் ஒரு பகுதியை நாம் அதிகம் பேசுவதில்லை. 1913இல் பரோடா மன்னர் தந்த உதவித்தொகையில், மாதம் பதினொன்றரைப் பவுண்டு என்ற கணக்கில், அவர் கொலம்பியா பல்கலைக்கழகம் போனார். திரும்பி வந்து பத்து வருஷம் பரோடா அரசில் வேலை செய்ய வேண்டும் என்பது ஒப்பந்தம். 1916இல் லண்டன் போய் அங்கே பொருளாதாரமும் சட்டமும் தொடங்கினார். 1917இல் உதவித்தொகைக் காலம் முடிந்தது. அவ்வளவு பெரிய மூளை, படிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டு ஊர் திரும்ப வேண்டியிருந்தது. பம்பாயில் பேராசிரியராக வேலை பார்த்துச் சேர்த்த பணத்தோடும் கோல்ஹாப்பூர் ஷாகு மகாராஜாவின் உதவியோடும் 1920இல்தான் மறுபடி லண்டன் போக முடிந்தது. உதவித்தொகைக்குக் காலக்கெடு இருந்தது, நிபந்தனை இருந்தது. இரண்டும் அவர் வாழ்க்கையைத் திருப்பின. உங்கள் கடிதத்திலும் அந்த இரண்டையும் முதலில் தேடுங்கள்: எத்தனை மாதம், என்ன நிபந்தனை.

அமெரிக்கக் கடிதம் வைத்திருப்பவர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள், ஏனென்றால் அதில்தான் ஏமாறும் இடங்கள் அதிகம். "ஸ்டைபெண்ட்" என்று ஒரு தொகை போட்டிருக்கும். அது பன்னிரண்டு மாதத்துக்கா, ஒன்பது மாதத்துக்கா? பல துறைகள் வகுப்பு நடக்கும் ஒன்பது மாதத்துக்கு மட்டுமே சம்பளம் தருகின்றன. கோடையில் மூன்று மாதம் வாடகை கட்ட நீங்கள்தான் வழி தேட வேண்டும். கல்விக் கட்டணம் தள்ளுபடி என்றால் மற்றக் கட்டணங்களும் தள்ளுபடியா? மருத்துவக் காப்பீடு யார் செலவு? முதல் வருஷத்துக்கு மட்டும் உறுதியா, ஐந்து வருஷத்துக்கும் உறுதியா? "முன்னேற்றம் திருப்தியாக இருந்தால்" என்று ஒரு வரி இருக்கும். கடந்த சில வருஷங்களில் எத்தனை பேருக்கு அந்த வரியைக் காட்டிப் பணத்தை நிறுத்தினார்கள் என்று துறையிலேயே கேளுங்கள். கேட்டால் கோபித்துக்கொள்வார்களோ என்று பயப்படாதீர்கள். அங்கே இவையெல்லாம் வழக்கமாகக் கேட்கப்படும் கேள்விகள். பதிலை மின்னஞ்சலில் வாங்குங்கள், போனில் வேண்டாம்.

முதுகலைப் படிப்புக்கு அமெரிக்காவில் பண உதவி குறைவு. பகுதிநேர வேலை செய்து கட்டிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மாணவர் விசாவில் வகுப்பு நடக்கும் காலத்தில் வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம்தான் வேலை செய்யலாம். அதில் கைச்செலவு ஓடும். கட்டணம் கட்ட முடியாது.

அமெரிக்காவில் ஒரு நல்ல வழக்கமும் இருக்கிறது. உதவித்தொகையோடு வரும் பட்டமேற்படிப்பு இடங்களுக்கு ஏப்ரல் 15 வரை பதில் சொல்லக் கால அவகாசம் உண்டு என்று அங்குள்ள ஏராளமான பல்கலைக்கழகங்கள் சேர்ந்து ஓர் உடன்பாட்டில் கையெழுத்திட்டிருக்கின்றன. அதற்கு முன்பே பதில் சொல் என்று அந்தப் பல்கலைக்கழகங்கள் உங்களை நெருக்கக் கூடாது. உங்கள் பல்கலைக்கழகம் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ஏப்ரல் 15 உங்களுக்குச் சொந்தமான நாள். முழுதாகப் பயன்படுத்துங்கள்.

ஜெர்மனியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை. பாடன் வூர்ட்டம்பர்க் மாநிலத்தில் மட்டும் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வருபவர்களிடம் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறார்கள். முன்பு கட்டணம் இல்லாமல் இருந்த மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 முதல் வாங்கத் தொடங்கிவிட்டது. கட்டணம் இல்லை என்பதால் செலவே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். விசாவுக்கு ஒரு வருஷச் செலவாக 11,904 யூரோவை முடக்கக் கணக்கில் போட்டுக் காட்ட வேண்டும். இன்றைய மதிப்பில் 12 லட்சம் ரூபாய் அளவுக்கு வரும். ஆனால் அது உங்கள் பணம். மாதம் 992 யூரோவாக உங்களுக்கே திரும்பக் கிடைக்கிறது.

இங்கிலாந்துக்கு வருகிறேன். ஒரே வருஷத்தில் முதுகலை முடிந்துவிடும் என்பதால் உங்களில் அதிகம் பேர் அங்கேதான் பார்க்கிறீர்கள். படித்து முடித்ததும் அங்கே தங்கி வேலை தேட இரண்டு வருஷம் தருகிறார்கள் என்று ஏஜென்ட் சொல்லியிருப்பார். 2027 ஜனவரி முதல் அந்த அனுமதிக்கு விண்ணப்பிப்பவர்களுக்கு, பிஎச்.டி. தவிர மற்றப் படிப்புகளுக்கு, அது 18 மாதம்தான். அமெரிக்காவும் 2025 செப்டம்பரில் எச்1பி வேலை விசாவின் புதிய விண்ணப்பங்களுக்கு 1 லட்சம் டாலர் கட்டணம் என்று அறிவித்தது. சட்டம் இப்படி வருஷத்துக்கு வருஷம் மாறுகிறது. ஆகவே, "அங்கேயே வேலை கிடைத்துக் கடனை அடைத்துவிடுவேன்" என்ற வரியை உங்கள் கணக்கிலிருந்து அடித்துவிடுங்கள். வேலை கிடைத்தால் சந்தோஷம். கிடைக்காமல் ஊர் திரும்பினாலும் குடும்பம் மூழ்காத கடிதம் எது என்றுதான் பார்க்க வேண்டும்.

இனி நமக்கு உள்ள உரிமைகள். பழங்குடி மாணவர்களுக்கு மத்திய பழங்குடியினர் நல அமைச்சகம் தேசிய அயல்நாட்டு உதவித்தொகை தருகிறது. இந்தியா முழுவதற்கும் வருஷத்துக்கு 20 பேர். அதில் 3 இடம் மிகவும் பின்தங்கிய பழங்குடிகளுக்கு. நம் மலையாளிப் பழங்குடிச் சமூகம் அந்தப் பட்டியலில் இல்லை. மிச்சம் 17 இடத்துக்குத்தான் நீங்கள் நாடு முழுக்க உள்ளவர்களோடு போட்டி போட வேண்டும். குடும்ப வருமானம் 6 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். பத்துக் கோடிக்கும் மேற்பட்ட மக்களுக்கு 20 இடம் என்பது அநியாயம். அதற்காகக் குரல் கொடுப்போம், விண்ணப்பமும் போடுவோம்.

கிடைத்துவிட்டால் ஊரைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் வேண்டும். இங்கிலாந்தில் படிப்பவருக்கு அந்த உதவித்தொகை தரும் வாழ்க்கைச் செலவு வருஷத்துக்கு 9,900 பவுண்டு. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 825. ஆனால் விசாவுக்கு அந்நாட்டு அரசே மாதம் இவ்வளவு தேவை என்று கணக்கிடுவது லண்டனுக்கு வெளியே 1,100 பவுண்டுக்கு மேல். லண்டனில் 1,400க்கும் மேல். இந்த 825 பவுண்டை வைத்துக்கொண்டு லண்டன் கல்லூரியைத் தேர்ந்தெடுத்தால் வாடகைக்கே போதாது. வடக்கே வாடகை குறைந்த ஊரில் இரண்டு பேர் சேர்ந்து சமைத்துச் சாப்பிட்டால் இழுத்துப் பிடித்து ஓட்டலாம். லண்டனில் ஒன்று, வெளியூரில் ஒன்று என்று இரண்டு கடிதம் வந்திருந்தால், பெயர் சற்றுக் குறைந்தாலும் வெளியூரை எடுங்கள் என்று நான் தயங்காமல் சொல்வேன்.

தமிழக அரசின் ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நலத்துறை நடத்தும் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டமும் இருக்கிறது. ஆண்டுக்கு 36 லட்சம் ரூபாய் வரை தருகிறார்கள். இந்தப் பேரையே கேள்விப்படாத வீடுகள் நம் மலையில் எத்தனை! சில்வர் ஓக் மரத்தை வெட்டிய அந்த வீட்டிலும் கேள்விப்பட்டிருக்கவில்லை. யாரும் சொல்லவில்லை.

இதற்கெல்லாம் கையில் முதலில் வேண்டியது சாதிச் சான்றிதழ். பழங்குடிச் சான்றிதழைத் தாசில்தார் தர முடியாது. கோட்டாட்சியர்தான் தர வேண்டும். விசாரணை, ஆவணம் என்று எத்தனை மாதம் இழுக்கும் என்று நீங்களும் பார்த்திருக்கிறீர்கள். ஈரோடு மாவட்டத்து பர்கூர் மலையில் இருக்கும் நம் சொந்தங்களுக்கு, பழங்குடிப் பட்டியலில் நம் சமூகத்துக்குக் குறிப்பிட்டிருக்கும் மாவட்டங்களில் அவர்கள் மாவட்டம் இல்லை என்பதால் அந்தச் சான்றிதழே கிடைப்பதில்லை. நமக்குக் கிடைக்கிறது. கிடைப்பதைக் கடைசி நேரத்தில் தேடாதீர்கள். வெளிநாட்டுக்கு விண்ணப்பிக்க நினைக்கும் வருஷத்துக்கு முந்தின வருஷமே வாங்கி வைத்துவிடுங்கள். பெயரில் எழுத்துப் பிழை, தலைப்பெழுத்து வேறுபாடு, பிறந்த தேதிக் குழப்பம் இருந்தால் பாஸ்போர்ட்டுக்கு முன்பே சரிசெய்துவிடுங்கள்.

உதவித்தொகை முடிவு வருவதற்குள் பல்கலைக்கழகத்தின் டெபாசிட் கெடு வந்துவிடும். பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான். "அரசு உதவித்தொகைக்கு விண்ணப்பித்திருக்கிறேன், முடிவுக்காகக் காத்திருக்கிறேன், கெடுவை நீட்டிக்க முடியுமா?" என்று நான்கு வரி எழுதுங்கள். நீட்டித்துத் தரும் பல்கலைக்கழகங்கள் நிறைய. முடியாது என்றால், சேர்க்கையை அடுத்த வருஷத்துக்குத் தள்ளிவைக்க முடியுமா, தள்ளிவைத்தால் அவர்கள் தருவதாகச் சொன்ன கட்டணச் சலுகையும் கூடவே வருமா என்று கேளுங்கள். 2025 மே இறுதியில் அமெரிக்கா உலகம் முழுவதும் புதிய மாணவர் விசா நேர்காணல்களுக்கு நாள் ஒதுக்குவதை ஏறத்தாழ மூன்று வாரம் நிறுத்தி வைத்தது. கையில் கடிதம் இருந்தும் தவித்தவர்கள் எத்தனையோ பேர். விசா கைக்கு வரும்வரை இரண்டாவது வழியை அடைத்துவிடாதீர்கள்.

வங்கிக் கடனைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஏழரை லட்சம் ரூபாய்க்கு மேல் போனால் பொதுவாக வங்கி பிணை கேட்கும். பிணை இல்லாமல் தருகிறோம் என்று வரும் தனியார் நிறுவனங்களில் வட்டி அதிகம். எந்தக் காகிதத்திலும் அப்பாவைக் கைநாட்டு வைக்கச் சொல்லும் முன், படிப்பு முடிந்து மாதத் தவணை எவ்வளவு வரும் என்று எழுதி வாங்கி, அதை நம் ஊரில் ஒரு குடும்பம் மிளகிலும் காப்பியிலும் மரவள்ளியிலும் மாதம் எவ்வளவு பார்க்கிறது என்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

பணத்தைப் பற்றியே பேசிவிட்டேன். பணம் சரிவந்த கடிதங்கள் இரண்டு மூன்று இருந்தால், அப்போது யாரிடம் படிக்கப் போகிறீர்கள் என்று பாருங்கள். ஆய்வுப் படிப்பு என்றால் வழிகாட்டிதான் எல்லாம். அவரிடம் இப்போது படிக்கும் மாணவர்கள் இரண்டு பேருக்காவது எழுதுங்கள். அவர் மாணவரைச் சந்திக்க நேரம் ஒதுக்குகிறாரா, படிப்பை முடித்தவர்கள் எத்தனை வருஷத்தில் முடித்தார்கள், பாதியில் விட்டுப் போனவர்கள் உண்டா என்று கேளுங்கள். அங்கே சமைத்துச் சாப்பிட வசதி உண்டா என்பதையும் கேளுங்கள், சிரிக்க மாட்டார்கள். நாமக்கல் நாமகிரித் தாயாரை வணங்கிய ராமானுஜன் 1914இல் கேம்பிரிட்ஜ் போனார். கணிதத்தில் அவருக்கு வாய்த்த துணை பெரிது. போர்க்காலத்துச் சாப்பாட்டுத் தட்டுப்பாடும் குளிரும் தனிமையும் அவர் உடம்பைக் குலைத்தன. 1919இல் நோயாளியாகத் திரும்பி அடுத்த வருஷம் இறந்துபோனார். முதல் குளிர்காலத்தில் அறைக்கு வெளியே உங்களோடு பேச நாலு பேர் இருக்கும் இடமா என்பதும் கணக்கில் சேரட்டும்.

எதைப் படிப்பது என்பதில் எனக்கு ஒரு ஆசை இருக்கிறது, மறைக்கவில்லை. நம் சாமை, தினை, கேழ்வரகைப் பற்றி, நம் காட்டு மூலிகையைப் பற்றி வெளியிலிருந்து வந்தவர்கள் எவ்வளவோ எழுதிவிட்டார்கள். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலிருந்து இங்கே வேலை செய்கிறது. எலிசபெத் ஃபின்னிஸ் என்ற கனடா மானுடவியலாளர் நம் ஊர்களுக்கு வந்து, சிறுதானியத்தை விட்டு மரவள்ளிக்கு மாறியதில் நம் தட்டில் என்ன மாறியது என்று ஆராய்ந்து 2007இல் கட்டுரை வெளியிட்டார். நல்ல ஆய்வு. அவர் கேட்ட கேள்விகளை அந்தத் தட்டில் சாப்பிட்டு வளர்ந்த நீங்கள் கேட்டால் இன்னும் ஆழமாகப் போகும். மண், விதை, காடு, மொழி, பொது சுகாதாரம் என்று படிக்க இடம் கிடைத்தவர்கள், "கம்ப்யூட்டர் இல்லையா?" என்று யாராவது இளக்காரமாகக் கேட்டால் அதற்காக அந்தக் கடிதத்தைக் கீழே போட்டுவிடாதீர்கள். கம்ப்யூட்டர் படிக்கப் போகிறவர்களும் தலை நிமிர்ந்து போங்கள். உங்கள் விருப்பம் உங்களுடையது.

பெற்றோரே, பெரியவர்களே, உங்களிடம் ஒன்று கேட்கிறேன். மகனுக்குக் கடிதம் வந்தால் நிலத்தை விற்கத் துணிகிற நாம், மகளுக்கு முழு உதவித்தொகையோடு கடிதம் வந்தாலும் "அவ்வளவு தூரமா?" என்று இழுக்கிறோம். அந்தக் கடிதத்தை அவள் தனியாக உழைத்துச் சம்பாதித்திருக்கிறாள். கல்யாணப் பேச்சைக் காட்டி அதைக் கிழித்துவிடாதீர்கள்.

ஏற்கெனவே போய்ப் படித்துக்கொண்டிருக்கும் நம் பிள்ளைகளே, உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். மலையிலிருந்து ஒரு தம்பியோ தங்கையோ எழுதினால் பதில் போடுங்கள். புகைப்படத்தில் காட்டாததைச் சொல்லுங்கள்: உண்மையான வாடகை, முதல் மாதம் கையில் எவ்வளவு வேண்டும், எந்த வேலை கிடைக்கும், எது கிடைக்காது. நீங்கள் பத்து நிமிடம் செலவழித்தால் இங்கே ஒரு தோட்டம் தப்பும்.

கடிதம் வைத்திருப்பவர்கள் ஒரு வெள்ளைத் தாளை எடுங்கள். படிப்பு தொடங்கும் மாதத்திலிருந்து முடியும் மாதம் வரை ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு வரி. பக்கத்தில் அந்த மாதப் பணம் எங்கிருந்து வருகிறது என்று எழுதுங்கள். எந்த வரியாவது காலியாக இருந்தால், அதை நிரப்பும்வரை யாருக்கும் ஒரு ரூபாயும் அனுப்பாதீர்கள். நிரப்பத் தெரியாவிட்டால் தாளையும் கடிதங்களையும் எடுத்துக்கொண்டு என்னிடமோ, உங்களுக்குப் பாடம் எடுத்த ஆசிரியரிடமோ போய் உட்காருங்கள். முடிவு செய்த பிறகு, வேண்டாம் என்று விட்ட பல்கலைக்கழகங்களுக்கு அன்றைக்கே இரண்டு வரி எழுதி இடத்தை விட்டுக்கொடுத்துவிடுங்கள். காத்திருப்புப் பட்டியலில் உங்களைப் போலவே ஒருவர் அந்த இடத்துக்காகக் காத்துக்கொண்டிருப்பார்.

அன்புடன்,
செம்மேட்டிலிருந்து உங்கள் அண்ணன்